மூன்றாம் தடவை எழுதாத இம்போசிஷன்

(ஒரு முன்னாள் மாணவர், பி.எஸ்சி. இயற்பியல், 1983–86 செட்)



ரமணாசிரமம் பக்கத்திலேயே குடியிருக்கிறீர்கள், மகரிஷியைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். அவருடைய வாழ்க்கையைப் பெரியவர்கள் பலர் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள். தத்துவம் பேசும் தகுதி எனக்குக் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். அதனால் நம் எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்கி அவர் வாழ்க்கையைச் சொல்லிப் பார்க்கிறேன். அந்தப் பொருள் ரெக்கார்ட் நோட்டு.

சயின்ஸ் குரூப் படித்தவர்களுக்கு அதைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வலது பக்கம் கோடு போட்ட தாள், இடது பக்கம் கோடில்லாத தாள். நோக்கம், கருவிகள், சூத்திரம், செய்முறை, முடிவு எல்லாம் வலது பக்கம். படமும் அட்டவணையும் இடது பக்கம், பென்சிலில். லேபில் அப்சர்வேஷன் நோட்டில் எழுதியதை வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் இதில் எழுத வேண்டும். ஓர் அடித்தல் இருந்தால் பக்கம் முழுக்கத் திரும்ப எழுது என்பார்கள். துறைத் தலைவர் கையெழுத்து விழாத ரெக்கார்டோடு போனால் பிராக்டிகல் பரீட்சை ஹாலுக்குள் நுழைய முடியாது. மார்ச் மாதம் ஹாஸ்டல் வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்து, விடிய விடிய எழுதித் தொலைத்த ராத்திரிகளை எங்க செட்டுக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை செய்து, ஒரு தடவை எழுதியாச்சு, இன்னொரு தடவை எதுக்கு என்று அலுத்துக்கொள்ளாத ஆளே இல்லை.

எங்கள் ஆசிரமப் பகுதிப் பிள்ளைகளிடம் இதற்கு ஒரு பதில் எப்போதும் தயாராக இருக்கும். மகரிஷியே இம்போசிஷனை வீசிட்டுத்தானே வந்தார் சார், எங்களை மட்டும் ஏன் படுத்துறீங்க என்பார்கள். ஆசிரியராக இருந்த காலத்தில் இதை எத்தனை முறை கேட்டிருப்பேனோ, கணக்கில்லை. சிரித்துக்கொண்டேதான் கேட்பார்கள். ஆனால் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் அவருடைய முழு வாழ்க்கையிலும் இருக்கிறது. முதல் பதினாறு வருஷத்தோடு நிறுத்திவிட்டால் கிடைக்காது.

திருச்சுழிப் பையன்

மகரிஷியின் இயற்பெயர் வேங்கடராமன். 1879 டிசம்பர் 30 அன்று திருச்சுழியில் பிறந்தார். தந்தை சுந்தரமய்யர் அவ்வூரில் வழக்குகளை நடத்திக் கொடுத்து வந்தவர். தாயார் அழகம்மாள். ஆரம்பப் படிப்பு திருச்சுழியில், பிறகு சிறிது காலம் திண்டுக்கல்லில். 1892-ல் தந்தை காலமானார். குடும்பம் பிரிந்தது. அண்ணன் நாகசாமியும் வேங்கடராமனும் மதுரையில் சித்தப்பா சுப்பையர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் சொக்கப்ப நாயக்கன் தெருவில் அந்த வீடு.

மதுரையில் முதலில் ஸ்காட் நடுநிலைப் பள்ளி, பிறகு அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளி. படிப்பில் அவர் முதல் பெஞ்சு இல்லை. ஒருமுறை காதால் கேட்டால் பாடத்தைத் திருப்பிச் சொல்லும் ஞாபக சக்தி இருந்தது. அந்தத் தெம்பிலேயே வகுப்புகளைத் தாண்டி வந்தார். கால்பந்து, மல்யுத்தம் இவற்றில்தான் ஆர்வம். தூக்கம் என்றால் கும்பகர்ணத் தூக்கம். அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். மிஷன் பள்ளி ஆனதால் ஆங்கிலத்தோடு பைபிளும் பழக வேண்டியிருந்தது. இரண்டிலுமே அவருக்கு அந்த வயதில் பெரிய ஈடுபாடு இருந்ததாகத் தெரியவில்லை.

1896 ஜூலை மாதத்தில், சித்தப்பா வீட்டு மாடியில் தனியாக இருந்தபோது, உடம்புக்கு ஒன்றும் இல்லாமலேயே திடீரென்று மரண பயம் வந்தது. யாரையும் கூப்பிடவில்லை. கை கால்களை நீட்டிப் பிணம் போலப் படுத்துக்கொண்டு, சாவது எது என்று தனக்குள்ளேயே பார்த்தார். உடம்பு போனாலும் போகாத ஒன்று தனக்குள் இருக்கிறது என்று அவருக்குத் தெளிந்தது. அதன்பின் விளையாட்டு, நண்பர்கள், சாப்பாடு எதிலும் பழைய ருசி இல்லை. பாடத்தில் ஏற்கெனவே இருந்த கொஞ்ச நஞ்ச கவனமும் போய்விட்டது. ஆசிரியர்கள் கண்டித்தார்கள், அண்ணன் கோபித்தார்.

1896 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை

இங்கேதான் நம் பிள்ளைகள் சொல்லும் இம்போசிஷன் வருகிறது. ஆங்கில இலக்கணப் பாடத்தைப் படித்துவராததற்குத் தண்டனையாக, பெயின் எழுதிய இலக்கணப் புத்தகத்திலிருந்து அந்தப் பாடத்தை மூன்று தடவை எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். அந்தப் புத்தகத்தை எழுதிய அலெக்சாண்டர் பெயின் யார் என்று தேடிப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஸ்காட்லாந்தில் நெசவாளி வீட்டில் பிறந்து அபர்தீன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக உயர்ந்தவர். இலக்கணம் அவருக்கு ஒரு பக்கத்து வேலை. மனம் எப்படி வேலை செய்கிறது என்பதுதான் அவருடைய முக்கியமான ஆராய்ச்சி. 1876-ல் மனம் என்றே பொருள்படும் பெயரில் ஒரு தத்துவ இதழையும் தொடங்கினார். மனம் எங்கிருந்து எழுகிறது என்று ஆயுள் முழுக்கக் கேட்கச் சொன்னவருக்கு, மனதை ஆராய்ந்த இன்னொருவரின் இலக்கணப் புத்தகமே தண்டனையாக வந்து சேர்ந்தது.

இரண்டு தடவை எழுதியாயிற்று. மூன்றாவது தடவை எழுதும்போது இதனால் என்ன பயன் என்று தோன்றிவிட்டது. புத்தகத்தையும் தாள்களையும் கட்டி ஓரமாக வைத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்தார். பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், இப்படி இருக்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கடிந்துகொண்டார். அண்ணன் கோபத்தில் சொன்னதைத் தம்பி அப்படியே நியாயமான கேள்வியாக எடுத்துக்கொண்டார். அருணாசலம் என்ற பெயரைச் சில மாதங்களுக்கு முன் ஓர் உறவினர் சொல்லிக் கேட்டிருந்தார். அங்கே போவது என்று முடிவாயிற்று.

பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் பற்றிய ஸ்பெஷல் கிளாஸ் இருக்கிறது என்று சொல்லி எழுந்தார். (இயற்பியல் துறைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம்!) அப்படியானால் போகிற வழியில் என் காலேஜ் பீஸைக் கட்டிவிடு, பெட்டியில் ஐந்து ரூபாய் இருக்கிறது என்றார் அண்ணன். நம்மூருக்கு மகரிஷியைக் கொண்டுவந்து சேர்த்தது ஒரு கல்லூரி மாணவனின் பீஸ் பணம்! அதிலும் அவர் முழுவதையும் எடுக்கவில்லை. பழைய அட்லஸைப் பார்த்து, திண்டிவனம்தான் பக்கத்து ரயில் நிலையம் என்று கணக்குப் போட்டு, 3 ரூபாய் போதும் என்று எடுத்துக்கொண்டார். மீதி 2 ரூபாயோடு ஒரு கடிதம் எழுதி வைத்தார். தன் தந்தையைத் தேடிப் போவதாகவும், நல்ல காரியத்துக்காகவே போவதாகவும், தேடிப் பணம் செலவு செய்ய வேண்டாம் என்றும் அதில் இருந்தது. நான் என்று தொடங்கிய கடிதம் போகப் போக இது என்று மாறியது. முடிவில் கையெழுத்து இல்லை. அதன் கீழே, காலேஜ் பீஸ் கட்டவில்லை, 2 ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற விவரம் மட்டும் ஒழுங்காக எழுதியிருந்தது. வீட்டையே விட்டுப் போகிறவர், கணக்கை விட்டுவிட்டுப் போகவில்லை.

அட்லஸ் பழசு என்பதால் விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகப் புதிதாகப் போட்ட ரயில் பாதை அதில் இல்லை. 2 ரூபாய் 13 அணா கொடுத்துத் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டார். ரயிலில் பக்கத்தில் இருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் சரியான வழி தெரிந்தது. விழுப்புரத்தில் இறங்கி, கையில் மிச்சமிருந்த காசுக்கு மாம்பழப்பட்டு வரை ரயிலில் போய், பிறகு நடந்தார். அறையணிநல்லூர்க் கோயில், கீழூர் என்று வழியில் இரண்டு ராத்திரி. காதில் இருந்த கடுக்கனை முத்துகிருஷ்ண பாகவதர் என்பவரிடம் 4 ரூபாய்க்கு அடகு வைத்தார். பாகவதர் கொடுத்த விலாசச் சீட்டை, இனி அதற்கு வேலை இல்லை என்று கிழித்துப் போட்டார். செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை காலை திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். மிச்சக் காசு அய்யங்குளத்துக்குள் போயிற்று. அதன்பின் அவர் பணத்தைத் தொடவில்லை. இந்த ஊரைவிட்டும் போகவில்லை, 53 வருஷத்துக்கும் மேலாக.

ஒரு துண்டுச் சீட்டு

பெரிய கோயிலில் ஆயிரங்கால் மண்டபம், பாதாள லிங்கம் என்று மாறி மாறி மௌனமாகவே இருந்தார். 1897-ல் ஊருக்கு வெளியே குருமூர்த்தம் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். இளம் சாமியார், பிராமண சுவாமி என்றெல்லாம் ஊர் சொன்னது. யார், எந்த ஊர், படித்தவரா படிக்காதவரா, ஒருவருக்கும் தெரியாது.

தாலுகா அலுவலகத்தில் தலைமைக் கணக்கராக இருந்த வேங்கடராமையர் தினமும் வந்து பார்ப்பார். ஒரு நாள் பேரும் ஊரும் தெரிந்தால்தான் இடத்தை விட்டு எழுந்திருப்பேன், ஆபீஸுக்கும் போக மாட்டேன் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். சுவாமி கடைசியில் தாளை வாங்கி எழுதினார். வேங்கடராமன், திருச்சுழி. அதுவும் ஆங்கிலத்தில்! பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். திருச்சுழி எங்கே இருக்கிறது என்று அவர்கள் விழித்தபோது, பெரிய புராணத்தை எடுத்து அந்த ஊர் வரும் இடத்தைக் காட்டினார். இவர் முறையாகப் படித்தவர் என்று ஊருக்குத் தெரிந்தது அன்றைக்குத்தான்.

எங்கே இருக்கிறார் என்ற செய்தி மதுரைக்குப் போய்ச் சேர்ந்தபின், 1898-ல் சித்தப்பா நெல்லையப்பையர் வந்து பார்த்தார். அதே வருஷக் கடைசியில் தாயார் அழகம்மாள் பவழக்குன்றுக்கு வந்து, வீட்டுக்கு வா என்று நாள் கணக்கில் அழுதார். மகன் வாய் திறக்கவில்லை. அங்கிருந்தவர்கள் அம்மாவின் துயரம் தாங்காமல், பேசாவிட்டாலும் எழுதியாவது பதில் சொல்லுங்கள் என்று காகிதமும் பென்சிலும் கொடுத்தார்கள். எழுதினார். அவரவர் வினைப்படி நடப்பது நடந்தே தீரும், நடக்காதது என்ன முயன்றாலும் நடக்காது, ஆகையால் மௌனமாக இருப்பதே நல்லது என்பது அதன் சாரம். அம்மா வெறுங்கையோடு திரும்பினார். படிக்கிற நமக்கு அது கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அம்மாவே 1916-ல் மகனோடு இருக்கவென்று வந்து, 1922 மே 19 அன்று மகன் கைகளின் அணைப்பிலேயே கண்ணை மூடினார். அவர் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ஆசிரமம் எழுந்தது.

மலைமேல் எழுத்து வேலை

1899-லிருந்து சுமார் 17 வருஷம் விருபாட்ச குகை. இம்போசிஷனைப் பாதியில் விட்டவர் என்று சொல்கிறோமே, அவர் இந்தக் குகையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று பாருங்கள்.

கூடவே இருந்து தொண்டு செய்த பழனிசாமி மலையாளத்துக்காரர். ஊருக்குள் போய்த் தமிழ் வேதாந்த நூல்களை இரவல் வாங்கி வருவார். எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறுவார். அவர் படுகிற பாட்டைப் பார்த்துச் சுவாமியே புத்தகத்தை வாங்கிப் படித்துச் சாரத்தைச் சொல்வார். நூல்களைத் தேடிப் போய்ப் படிக்கவில்லை. பக்கத்தில் இருந்தவருக்காகப் படித்தார். பழனிசாமியிடம் இருந்த மலையாள அத்யாத்ம ராமாயணத்தை வைத்துக்கொண்டு அந்த எழுத்தையும் பழகினார். வந்தவர்களோடு பழகித் தெலுங்கும் சமஸ்கிருதமும் வந்தன. வாத்தியார் யாரும் இல்லை, பரீட்சையும் இல்லை.

கம்பீரம் சேஷய்யர் என்ற நகராட்சி அலுவலர் யோக நூல்களைக் கொண்டுவந்து சந்தேகம் கேட்பார். சுவாமி துண்டுத் தாள்களில் பதில் எழுதித் தருவார். பின்னாளில் அந்தத் தாள்களைத் தொகுத்ததுதான் விசார சங்கிரகம். 1902-ல் வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை வந்தார். கல்லூரியில் தத்துவம் எடுத்துப் படித்த பட்டதாரி. அவருடைய முதல் கேள்வியே, நான் யார் என்பதுதான். சுவாமி பேசுவதில்லை. மணலில் விரலால் எழுதினார், சிலேட்டில் எழுதினார். பிள்ளை அவற்றைப் பத்திரமாகக் குறித்துக்கொண்டார். 1923-ல் அது நான் யார் என்ற சிறு நூலாக வெளிவந்தது. இன்று எத்தனையோ மொழிகளில் கிடைக்கும் அந்த நூல், பார்க்கப் போனால், ஒரு நல்ல மாணவர் அக்கறையாக எழுதி வைத்த அப்சர்வேஷன் நோட்டு!

1907-ல் காவ்யகண்ட கணபதி முனிவர் வந்தார். நவத்வீபத்துப் பண்டிதர் சபையில் நின்ற நிலையில் கவி பாடிப் பட்டம் பெற்ற பெரும் புலவர். பதினாறு வயதில் பள்ளியை விட்டவரின் காலில் விழுந்து வழி கேட்டார். பகவான் ரமண மகரிஷி என்ற பெயரை உலகுக்குச் சொன்னவர் அவர்தான்.

சில வருஷம் கழித்து, உடன் இருந்த சாதுக்கள் பிச்சைக்குப் போகும்போது பாடிச் செல்ல ஒரு பாட்டு வேண்டும் என்று கேட்டார்கள். அகர வரிசையில் 108 கண்ணிகளாக அட்சரமணமாலை பிறந்தது. 1927-ல் உபதேச உந்தியார், 1928-ல் உள்ளது நாற்பது. இவை இரண்டும் முருகனார் வேண்டி எழுதியவை. முருகனாரும் ஒரு பள்ளித் தமிழாசிரியராக இருந்தவர்தான். உந்தியாரைத் தெலுங்கு, சமஸ்கிருதம், மலையாளம் மூன்றிலும் மகரிஷியே மறுபடி எழுதினார். ஒரே பாடத்தை நான்கு தடவை!

தெலுங்குப் பரீட்சைக்குப் படித்தவர்

கட்டாயப் பாடம் ஒருவரை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதே மலையில் இன்னொரு உதாரணமும் உண்டு. 1911-ல் ஹம்ஃப்ரீஸ் என்ற இளம் ஆங்கிலேயர் காவல் துறைப் பயிற்சிக்காக வேலூருக்கு வந்தார். உள்ளூர் மொழி தெரியாமல் வேலை நிலைக்காது. தெலுங்கு படித்துத் தேற வேண்டும். அதற்காக வைத்துக்கொண்ட முன்ஷி நரசிம்மய்யா, கணபதி முனிவரின் சீடராக அமைந்தார். பாடத்துக்கு நடுவே பேச்சு மகான்கள் பக்கம் திரும்பியது. அதே வருஷம் ஹம்ஃப்ரீஸ் திருவண்ணாமலை வந்து மலையேறினார். மகரிஷியைப் பார்த்த முதல் மேலைநாட்டவர் என்று அவரைத்தான் சொல்கிறார்கள். அவர் எழுதிய கடிதங்கள் இங்கிலாந்தில் ஒரு பத்திரிகையில் வந்து, மகரிஷியின் பெயர் முதன்முதலாகக் கடல் கடந்தது.

பின்னாளில் வெளிநாட்டவர் நிறைய வந்தார்கள். ஆங்கிலத்தில் கேட்பதை மகரிஷி புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் எழுதிய மொழிபெயர்ப்பில் பிசகு இருந்தால் திருத்துவார். கிறிஸ்தவர்கள் வந்தால், மோசேக்கு இறைவன் தன்னைத் தெரிவித்துக்கொண்ட இடத்தையும், அசையாமல் இருந்து அறிந்துகொள்ளச் சொல்லும் சங்கீதத்தையும் எடுத்துக்காட்டி, வேதாந்தம் முழுவதும் அதில் இருக்கிறது என்பார். மதுரை மிஷன் பள்ளியில் வேண்டா வெறுப்பாகக் கழிந்த அந்த வகுப்புகள் வீண் போயின என்று யாரால் சொல்ல முடியும்?

பிரதி எடுத்த கை

1922 கடைசியில் மலையிலிருந்து இறங்கி, அம்மாவின் சமாதிக்கு அருகில் தங்கினார். கொட்டகையில் தொடங்கியதுதான் இப்போது செங்கம் சாலையில் நாம் பார்க்கும் ரமணாசிரமம். அங்கே அவருடைய ஒரு நாளைப் படித்தால் நமக்கு மூச்சு வாங்கும். விடியும் முன்பே எழுந்து காய் நறுக்குவது, சமையல், இலை தைப்பது. அது முடிந்தால் எழுத்து வேலை. அச்சாகும் ஆசிரம நூல்களின் புரூஃபை அவரே பார்த்துத் திருத்துவார். வரும் கடிதங்களைப் படிப்பார். பதில் எழுதி வந்தால், தபாலுக்குப் போகும் முன் அதையும் படித்துப் பார்ப்பார். பிய்ந்த புத்தகத்தைத் தானே பைண்ட் செய்வார். ஒரு பக்கம் எழுதிய தாளின் மறுபக்கத்தையும், புரூஃப் தாளின் வெள்ளை ஓரங்களையும் வெட்டித் தைத்து நோட்டாக்கிக்கொள்வார்.

அந்த நோட்டுகளில் பிரதி எடுப்பார். பக்தர்கள் கேட்டால் பாடல்களையும் நூல்களையும் தன் கையாலேயே எழுதித் தருவார். தமிழ், தெலுங்கு, மலையாளம், சமஸ்கிருதம் எதுவானாலும் முத்து முத்தான எழுத்து. முருகனார் பாடிக் குவித்த குருவாசகக் கோவைப் பாடல்களை வரி வரியாகப் பார்த்துத் திருத்தினார், இடையிடையே தானும் பாடல் எழுதிச் சேர்த்தார். 1947-ல், 67 வயதில், சூரி நாகம்மா கேட்டதற்காக ஏகான்ம பஞ்சகத்தை முதலில் தெலுங்கில் எழுதி, பிறகு தமிழில் எழுதினார். அவருடைய கையெழுத்துப் பக்கங்களைப் படியெடுத்து ஆசிரமம் வெளியிட்டிருக்கிறது. நம் மாணவர்கள் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். வரி சாயாது, எழுத்து நெளியாது. இதையெல்லாம் அவர் யாருக்கும் காட்டி மார்க் வாங்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலையை விட்டுவிடட்டுமா, வீட்டை விட்டு வரட்டுமா என்று அவரிடம் கேட்டவர்கள் ஏராளம். போய் உன் காரியத்தைப் பார், அதைச் செய்துகொண்டே உன்னை விசாரி என்றுதான் பொதுவாக அவர்களைத் திருப்பி அனுப்பினார். தான் விட்டு வந்ததை மற்றவர்களுக்கு வழியாக அவர் காட்டவில்லை.

1948 கடைசியில் இடது முழங்கைக்கு அருகே ஒரு சிறு கட்டி வந்தது. புற்றுநோய் என்று தெரிந்தது. 1949-ல் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது. அந்த நிலையிலும் தரிசன நேரத்தை நிறுத்த அவர் ஒப்பவில்லை. வருகிறவர்கள் தன்னைப் பார்க்காமல் திரும்பக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். 1950 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை இரவு 8.47-க்கு அவர் மூச்சு அடங்கியது. வெளியே பக்தர்கள் அட்சரமணமாலையைப் பாடிக்கொண்டிருந்தார்கள். பிச்சைக்குப் போகிறவர்களுக்காக எழுதிக் கொடுத்த அதே பாட்டு.

ரெக்கார்ட் நோட்டுக்குத் திரும்பினால்

இப்போது நம் பிள்ளைகளின் கேள்விக்கு வருகிறேன். அவர் மூன்றாம் தடவை எழுதவில்லை, உண்மை. ஆனால் முதல் இரண்டு தடவை எழுதிய கை அவரோடுதான் வந்தது. பள்ளியில் விருப்பமில்லாமல் பழகிய எழுத்தும் ஆங்கிலமும், ஊரும் பேரும் தெரியாத குருமூர்த்தத்தில் உதவின, அழுத தாயாருக்குப் பதில் சொல்ல உதவின, பழனிசாமிக்கும் சிவப்பிரகாசம் பிள்ளைக்கும் பயன்பட்டன. தண்டனையாக இருந்தபோது வீண் என்று தோன்றிய அதே வேலையை, இன்னொருவருக்குத் தேவை என்று வந்தபோது 50 வருஷம் அலுக்காமல் செய்தார். நான் அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம் இவ்வளவுதான். பெரியவர்கள் வேறு பல பாடங்கள் சொல்வார்கள், சரிதான்.

என் சொந்த அனுபவத்தில் ஒன்று சொல்லி முடிக்கிறேன். முதல் வேலை ஒரு கிராமப் பள்ளியில் கிடைத்தது. லேப் என்று ஓர் அறை இருந்தது. கருவிகள் பிரிக்காத பெட்டியில் இருந்தன. லேப் அசிஸ்டென்ட் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது. வீட்டிலிருந்து என் பழைய ரெக்கார்ட் நோட்டைக் கொண்டுபோய் மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்தேன். எந்தக் கம்பியை எங்கே மாட்டுவது, எத்தனை ரீடிங் எடுப்பது, எங்கே தவறு வரும், எல்லாம் என் கையெழுத்திலேயே இருந்தது. ஹாஸ்டல் வராந்தாவில் தூக்கக் கலக்கத்தில் எழுதியதுதான்! அடித்தல் இல்லாமல் எழுதச் சொன்ன காரணம் அன்றைக்குப் புரிந்தது. ரெக்கார்ட் என்பது எழுதினவனுக்காக இல்லை. அந்தச் சோதனையைப் பார்த்தே இராத ஒருவன் அதை வைத்துக்கொண்டு திரும்பச் செய்ய வேண்டும். அந்த ஒருவன் சில சமயம் நாமாகவே இருப்போம். அந்த நோட்டு என் பள்ளி லேபில் பல வருஷம் இருந்தது. என்னிடம் படித்த பிள்ளைகள் அதைப் பார்த்துத்தான் முதல் சர்க்யூட்டைப் போட்டார்கள்.

இந்தக் காலத்தில் கையால் எழுதவே வேண்டாம் என்கிறார்கள். போனில் படம் பிடித்துவிடலாம், கேட்டால் கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடும். நல்ல வசதிதான், நானும் பயன்படுத்துகிறேன். ஆனால் தம்பி தங்கைகளே, ஜூனியர் ஒருவன் இதைப் பார்த்துப் படிப்பான் என்று நினைத்துக்கொண்டு ஒரே ஒரு சோதனையை எழுதிப் பாருங்கள். அலுப்பு எவ்வளவு குறைகிறது என்று உங்களுக்கே தெரியும்.

முன்னாள் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். யார் வீட்டுப் பரணிலாவது பழைய ரெக்கார்ட் நோட்டு இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துறை நூலகத்தில் ஓர் அலமாரி ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்போம். கூடுகைக்கு வரும்போது கையோடு கொண்டுவாருங்கள். வெளியூர் நண்பர்கள் அப்படியே ஆசிரமப் பக்கமும் வந்து போங்கள். மகரிஷி வாழ்ந்த பழைய ஹாலில் பத்து நிமிஷம் சும்மா உட்காரலாம். வெளியே வந்தால் புத்தகக் கடையில் அவர் கையெழுத்தையும் பார்க்கலாம்.

கூடுகை சிறக்கவும், நம் கல்லூரி மேலும் வளரவும் வாழ்த்துகிறேன்.